ஒன்பதரை மிட்டாய்



போன தடவை பச்சை மிளகு ஊறுகாய் பற்றி எழுதியதற்கு நிறையப் பேர் கடிதம் போட்டிருந்தீர்கள். உப்பு எவ்வளவு, எலுமிச்சம்பழம் எத்தனை என்று கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன். இந்த முறை வேறொரு சமாசாரம். எழுதலாமா, வேண்டாமா என்று ஒரு மாதமாக யோசித்தேன். கடைசியில் என் மகளிடமே கேட்டேன்.

"எழுதும்மா. என்னை மாதிரி இன்னும் எத்தனை பேரு ராத்திரியில முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்களோ! பேர் மட்டும் போட்டுடாதே" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

மகளுக்கு இது தலைப்பிரசவம். சேலத்தில் பிரசவம் ஆகி, ஒரு மாதம் கழித்துக் குழந்தையோடு மலைக்கு அழைத்து வந்தோம். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் காபித் தோட்டம். நிழலுக்குச் சில்வர் ஓக், அதில் ஏற்றிய மிளகுக் கொடி. மார்கழி, தை என்றால் காபிப் பழம் பறிக்கும் பருவம். வீட்டுக்காரர் தோட்டத்தில். நான் பாதி நேரம் அடுப்படியில், மீதி நேரம் களத்தில் காயும் பழத்துக்குக் காவல். மாமியார் முட்டி வலியோடு கட்டிலில். பனி மூட்டம் காலை பத்து மணி வரை விலகாது. வீட்டுக்குள் மகளும் குழந்தையும்தான்.

குழந்தை நன்றாகத்தான் பால் குடித்தாள். எடையும் ஏறினாள். ஆனால் மகள் தூங்கவில்லை. ராத்திரி நான் எழுந்து பார்க்கும்போதெல்லாம் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"என்னடி பண்றே?"

"மூச்சு வருதான்னு பாக்கறேம்மா."

"அதெல்லாம் வரும். எல்லாருக்கும் மொதப் புள்ளைக்கு இப்படித்தான் இருக்கும். படு."

இதைத்தான் நான் தினமும் சொன்னேன். பகலில் இடுப்பு வலிக்கிறது என்பாள். பிரசவ லேகியம் உருட்டிக் கொடுத்தேன், ஒத்தடம் கொடுத்தேன். இடுப்பைக் கவனித்த அளவுக்கு அவள் முகத்தைக் கவனிக்கவில்லை.

அந்த வாரம் அவளோடு கல்லூரியில் படித்த சிநேகிதி குழந்தையைப் பார்க்க வந்தாள். கலிபோர்னியாவில் வேலை, விடுமுறையில் ஊருக்கு வந்தவள். குழந்தைக்குக் கவுன், எங்களுக்குப் பழம், பாதாம் எல்லாம் வாங்கி வந்தாள். நல்ல பெண். மகளோடு இரண்டு மணி நேரம் அறைக்குள் பேசிவிட்டுப் போனாள்.

நாலு நாள் கழித்து என் தங்கை அவள் கடைக்குட்டியோடு வந்தாள். பையனுக்கு நாலு வயசு. கூடத்து அலமாரியில் லேகிய டப்பாவுக்குப் பின்னால் இருந்த சின்னத் தகர டப்பாவை எடுத்துத் திறந்துவிட்டான்.

"பெரீம்மா, முட்டாயி!"

பச்சையும் ஆரஞ்சுமாகச் சர்க்கரை தூவின மிட்டாய். சேலத்துப் பேக்கரியில் விற்பார்களே, அதே மாதிரி. "சரி, ஒண்ணு மட்டும் எடுத்துக்கோ சாமி" என்று சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் மகள் ஓடி வந்து பையன் கையிலிருந்து மிட்டாயைப் பிடுங்கினாள். அவன் அழுதான். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

டப்பாவுக்குள் மடித்து வைத்த காகிதத்தில் இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. நான் பத்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஏதோ ஒரு ரகத்தின் பேர், மனப் பதற்றத்துக்கு, லேசான வலிக்கு, பத்து எண்ணிக்கை, ஒவ்வொன்றிலும் 10 மில்லிகிராம். அதற்கு மேல் கன்னாபிஸ் என்று இருந்தது.

"கஞ்சாம்மா" என்றாள் மகள் மெதுவாக. "ஆனா மருந்துக் கஞ்சா. அங்கே கடையிலயே விக்கறாங்களாம்."

எண்ணிப் பார்த்தேன். ஒன்பதரை இருந்தது.

சகோதரிகளே, உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்த நினைப்பு போலீஸ். இரண்டாவது, சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பது. மூன்றாவதாகத்தான் குழந்தை குடித்த பால் நினைவுக்கு வந்தது. மகளுக்கு ஏன் இது தேவைப்பட்டது என்று நான் நினைக்கவே இல்லை. கத்தினேன். "புள்ளைக்குப் பால் குடுக்கறவ செய்யற காரியமாடி இது?" என்றேன்.

கட்டிலிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார். "ஏன் இப்படிக் கத்தறே? அந்தக் காலத்துல லேகியத்துல கஞ்சா இலை போடுவாங்க. சாப்புட்டவங்க எல்லாம் செத்தா போயிட்டாங்க? எனக்கு ஒண்ணு குடு, முட்டி வலிக்குக் கேக்குதான்னு பாக்கறேன்."

"அத்தை, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். என்னைப் போலக் கத்துவார் என்று பார்த்தால், மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஏன் கண்ணு, உனக்குத் தூக்கமே வரலையா?" என்றார்.

அவ்வளவுதான். ஒரு மணி நேரம் அழுதாள். கண்ணை மூடினால் குழந்தை மூச்சு நின்றுவிடும் என்று தோன்றுகிறதாம். குளிப்பாட்டும்போது கை நழுவிவிடும் என்று நடுங்குகிறதாம். நெஞ்சு படபடவென்று அடிக்கிறதாம். "அம்மாகிட்டே சொன்னா எல்லாருக்கும் இப்படித்தான்னு சொல்லுது. அப்போ எனக்கு மட்டும் ஏன் தாங்க முடியலை?" என்றாள். சிநேகிதி கொடுத்த மிட்டாயில் பாதியை முந்தின ராத்திரி தின்றிருக்கிறாள். தூக்கம் வரவில்லை. மாறாகச் சுவர் நகர்வது போல இருந்ததாம், பயம் இரண்டு மடங்கு ஆனதாம். விடிகாலையில் குழந்தைக்குப் பாலும் கொடுத்திருக்கிறாள். அந்தக் குற்ற உணர்ச்சியில் பகல் முழுதும் பேசாமல் இருந்திருக்கிறாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் போனோம்.

டாக்டரம்மா சொன்னது

குழந்தைகள் டாக்டரம்மா முதலில் குழந்தையைத் தலை முதல் கால் வரை பார்த்தார். நல்லபடியாக இருந்தாள். "வழக்கமா குடிக்கறாளா, எழுப்பினா எழுந்துக்கறாளான்னு ரெண்டு மூணு நாள் கவனிங்க. சோர்ந்து தூங்கிக்கிட்டே இருந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே கொண்டு வாங்க. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், அந்த மிட்டாயை நிறுத்துங்க" என்றார். திட்டவே இல்லை. "ஒளிக்காம வந்து சொன்னீங்களே, அதுதான் பெரிசு" என்றார்.

கஞ்சாவில் போதை தரும் சத்துக்கு டி.எச்.சி. என்று பேர். அது கொழுப்பில் கரையும். தாய்ப்பாலில் கொழுப்பு இருப்பதால் பாலிலும் போய்ச் சேரும். சாராயம் மாதிரி சில மணி நேரத்தில் வெளியேறிவிடாது. 2018-ல் அமெரிக்காவில் 50 தாய்மார்களின் பாலைச் சோதித்தபோது, கஞ்சா உபயோகித்து ஆறு நாள் வரைக்கும்கூடப் பாலில் அது தென்பட்டிருக்கிறது. ஆகவே ஒரு வேளைப் பாலைப் பீச்சிக் கொட்டிவிட்டால் சரியாகிவிடும் என்ற கணக்கு உதவாது. பல மாநிலங்களில் கஞ்சா சட்டப்படி விற்கும் அமெரிக்காவிலேயே, கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தொடக்கூடாது என்றுதான் அங்குள்ள மகப்பேறு மருத்துவர் சங்கமும் குழந்தை மருத்துவர் சங்கமும் சொல்கின்றன. அந்தச் சிநேகிதிக்கு இது தெரியவில்லை. தனக்கு உதவியது தோழிக்கும் உதவும் என்று நினைத்துவிட்டாள்.

அப்படியானால் அது மருந்தா, இல்லையா?

வீட்டுக்கு வந்தபிறகு நானும் மகளும் உட்கார்ந்து நிறையப் படித்தோம். தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மருந்து குணம் இல்லை என்று சொல்ல முடியாது. நம் சித்த வைத்தியத்தில் இதற்குக் கோரக்கர் மூலி என்றே பேர் உண்டு. ஆயுர்வேதத்தில் இலையை விஜயா என்பார்கள். 1839-ல் கல்கத்தாவில் ஓஷானஸி என்ற டாக்டர் இதைப் பரிசோதித்து எழுதியபிறகுதான் மேல்நாட்டு வைத்தியர்கள் கவனித்தார்கள். 2018-ல் அமெரிக்க அரசு, இந்தச் செடியிலிருந்து எடுத்த சி.பி.டி. என்ற போதை தராத சத்தைக் குழந்தைகளுக்கு வரும் இரண்டு அபூர்வமான வலிப்பு நோய்களுக்கு மருந்தாக அங்கீகரித்தது. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணையம், மிக ஆபத்தானவை என்ற பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்துவிட ஓட்டெடுத்தது. எடுக்கலாம் என்று 27 நாடுகள், கூடாது என்று 25. எடுக்கலாம் என்றவற்றில் இந்தியாவும் ஒன்று. ஆனாலும் கட்டுப்பாடு நீங்கிவிடவில்லை.

எதற்கு எவ்வளவு கேட்கும் என்பதை 2017-ல் அமெரிக்க அறிவியல் கழகங்கள் ஒரு பெரிய அறிக்கையாகத் தொகுத்தன. பெரியவர்களின் நாள்பட்ட வலிக்குக் கஞ்சா ஓரளவு உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறதாம். மனப் பதற்றத்துக்கு உதவும் என்பதற்கு ஆதாரம் கொஞ்சம்தான். அதுவும் சி.பி.டி.யைப் பற்றித்தான்.

டி.எச்.சி.யோ இரண்டு பக்கமும் வெட்டும். அதே 2017-ல் சிகாகோவில் 42 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். 7.5 மில்லிகிராம் கொடுத்தவர்களுக்குப் பலர் முன்னால் பேசும் பதற்றம் கொஞ்சம் குறைந்தது. 12.5 மில்லிகிராம் கொடுத்தவர்களுக்குப் பதற்றம் கூடிவிட்டது. இரண்டுக்கும் வித்தியாசம் 5 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு! இதில் பழக்கமில்லாத உடம்பு, தூக்கமில்லாத உடம்பு, பிரசவித்த உடம்பு என்றால் எந்த அளவில் எந்தப் பக்கம் சாயும் என்று யார் சொல்ல முடியும்? என் மகளுக்குப் பாதியே பயத்தைக் கூட்டியது.

ரகத்தின் பேரை நம்பலாமா?

டப்பாவில் ரகத்தின் பேர் போட்டிருந்தது என்றேன் அல்லவா? இந்த ரகம் அமைதி தரும், அந்த ரகம் உற்சாகம் தரும், இது வலிக்கு என்றெல்லாம் அங்கே நூற்றுக்கணக்கான பேர் வைத்து விற்கிறார்கள். இண்டிகா என்றால் தூக்கம், சட்டைவா என்றால் சுறுசுறுப்பு என்று ஒரு பொதுக் கணக்கும் உண்டு. சட்டைவா என்பது 1753-ல் லின்னேயஸ் வைத்த பேர். இண்டிகா என்பது 1785-ல் லமார்க் இந்தியாவிலிருந்து போன செடியைப் பார்த்து வைத்தது. இரண்டு பேரும் செடியின் உருவத்தைப் பார்த்து வைத்தார்கள். மனுஷர்களின் தூக்கத்தைப் பார்த்து வைக்கவில்லை.

காபிக்காரி என்பதால் எனக்கு இது சுலபமாகப் புரிந்தது. எங்கள் தோட்டத்தில் செலக்‌ஷன் 795 இருக்கிறது, காவேரி இருக்கிறது. காபி வாரியம் ஆராய்ந்து கொடுத்த ரகங்கள். அப்படியிருந்தும் மேல் சரிவில் வளர்ந்ததும் கீழ்ச் சரிவில் வளர்ந்ததும் ஒரே சுவையாக இருப்பதில்லை. கஞ்சாவிலோ விற்பவர் வைத்ததுதான் பேர். ஒரே பேரில் இரண்டு கடையில் வாங்கினால் உள்ளே இருக்கும் டி.எச்.சி., சி.பி.டி. அளவு ஒன்றாக இருக்காது. பேரைப் பார்த்து மருந்து என்று நம்புவது, பழத்தின் நிறத்தைப் பார்த்துக் காபியின் ருசியைச் சொல்வது மாதிரிதான்.

மிட்டாய் என்பதுதான் பெரிய ஆபத்து

புகைத்தால் சில நிமிஷத்தில் தெரியும். தின்றால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஒன்றுமே தெரியாது. "கேக்கலையே" என்று இன்னொன்றைத் தின்றுவிடுவார்கள். பிறகு இரண்டும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். ஆறு, எட்டு மணி நேரம்கூட இறங்காது.

குழந்தைகள் விஷயம் இன்னும் மோசம். அமெரிக்காவில் ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் இப்படிக் கஞ்சாத் தின்பண்டத்தை எடுத்துச் சாப்பிட்டதாக விஷ முறிவு மையங்களுக்கு வந்த தகவல் 2017-ல் 207. 2021-ல் 3,054. பெரும்பாலும் அவரவர் வீட்டிலேயே நடந்தது. கலிபோர்னியாவில் குழந்தை திறக்க முடியாத மூடி போட்டுத்தான் விற்க வேண்டும் என்று சட்டம். ஆனால் விமானத்தில் கொண்டு வருவதற்காக அந்தச் சிநேகிதி அதைச் சாதாரணத் தகர டப்பாவுக்கு மாற்றிவிட்டாள். எங்கள் பையன் திறந்தது அந்தத் தகர டப்பாவை. "ஒண்ணு மட்டும் எடுத்துக்கோ" என்று நான் சொல்லியிருந்தால்? அந்த ஒரு நிமிஷத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

குழந்தை எதையாவது இப்படித் தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பால், மோர் என்று புகட்டாதீர்கள். டப்பாவையும் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். என்ன தின்றது என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். 108-க்குக் கூப்பிட்டால் வண்டி வரும்.

சட்டம்

நம் நாட்டில் 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டப்படி கஞ்சாச் செடியின் பூ முனையும் பிசினும், அவற்றைக் கலந்து செய்த எதுவும் குற்றம். பூ சேராத வெறும் இலையும் விதையும் அந்தச் சட்டம் சொல்லும் கஞ்சாவில் வராது. அதனால்தான் வடக்கே பாங்கு விற்கிறார்கள். உரிமம் பெற்றவர்கள் இலையை வைத்து ஆயுர்வேத, சித்த மருந்து செய்கிறார்கள். ஆனால் அவர்களும் இஷ்டத்துக்குக் கொடுக்க முடியாது. மருந்துச் சட்டத்தில் ஈ-1 என்று ஒரு விஷப் பொருள் பட்டியல் இருக்கிறது. அதில் சித்த மருத்துவப் பகுதியில் எட்டி, கலப்பைக் கிழங்கு இவற்றோடு கஞ்சாவும் இருக்கிறது. அப்படிப்பட்ட மருந்தின் மேல், வைத்தியர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும் என்று எச்சரிக்கை அச்சடித்தாக வேண்டும்.

2021-ல் ஹெம்ப் விதையையும் விதை எண்ணெயையும் மாவையும் உணவாக விற்க மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்தது. அது வெறும் விதை. அதில் இந்த மருந்துச் சத்துகள் இருப்பதாக நினைத்து யாராவது விற்றால் ஏமாறாதீர்கள்.

வெளிநாட்டு மிட்டாய்க்கு இந்த வழி எதுவும் பொருந்தாது. அங்கே கடையில் கொடுத்த ரசீது இங்கே செல்லாது. 2021 டிசம்பரில் தமிழ்நாட்டுப் போலீஸ் கஞ்சா வேட்டை என்று பேர் வைத்தே மாநிலம் முழுக்கத் தேடினார்கள். பாசத்துக்குக் கொண்டு வந்தேன் என்றால் யார் கேட்பார்கள்? உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வரும்போது இதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

எங்கள் ஒன்பதரை மிட்டாயை வீட்டுக்காரர் காபிச் சக்கையில் போட்டுப் பிசைந்து, பைக்குள் கட்டி, ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிட்டார். நாயோ பிள்ளையோ எடுத்துத் தின்னக்கூடாது என்பதற்காக.

அத்தையின் முட்டி

என் மாமியார் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில், 1893-ல் இதற்கென்றே ஒரு கமிஷன் போட்டு, சென்னை ராஜதானி உள்பட நாடு முழுக்க 1,193 பேரை விசாரித்து, ஏழு பாகத்தில் அறிக்கை கொடுத்தார்கள். அளவாகச் சாப்பிட்டால் பெரிய கெடுதல் இல்லை, அளவு மீறினால் கெடுதல், முழுத் தடை வேண்டாம் என்றுதான் எழுதினார்கள். ஆனால் அது அந்தக் காலத்துப் பாங்கையும் கஞ்சாவையும் சரஸையும் பற்றியது. இன்றைய மிட்டாயைப் பற்றியது அல்ல.

இன்னொன்று, அத்தை இருதய வால்வு ஆபரேஷன் ஆனவர். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். கஞ்சாச் சத்து, முக்கியமாக சி.பி.டி., அந்த மாத்திரையை உடம்பு சீக்கிரம் கரைக்க விடாது. மாத்திரையின் வேகம் கூடி ரத்தப் போக்கு வரலாம். போதாததற்குத் தலைசுற்றல். எங்கள் வாசலில் ஏழு படி. வழுக்கி விழுந்தால் என்ன ஆகும்?

"அப்போ எனக்கு என்னதான் வழி?" என்றார். டாக்டர் சொன்ன வழி ரொம்ப எளிசு. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை பிடித்து, மெள்ள இறக்க வேண்டும். ஒரு காலுக்குப் பத்துத் தடவை, தினம் இரண்டு வேளை. தொடைச் சதை பலப்பட்டால் முட்டிக்குப் பாரம் குறையும். வலி மாத்திரை அவர் எழுதிக் கொடுத்தது மட்டும். முதல் வாரம் முனகினார். இப்போது சாயங்காலம் தானாகவே பூஜை அறைக்கு நடந்து போகிறார்.

மகள்

குழந்தைகள் டாக்டரம்மா அன்றைக்கே ஒரு மனநல டாக்டரிடம் அனுப்பினார். அவர் மகளிடம் கடந்த ஏழு நாளைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்டார். 1987-ல் எடின்பரோவில் தாய்மார்களுக்கென்றே தயாரித்தது, தமிழிலும் இருக்கிறது. காரணமில்லாமல் பயந்தீர்களா, உங்களை நீங்களே குற்றம் சொன்னீர்களா, அழுகை வந்ததா என்பது போன்ற கேள்விகள். கடைசிக் கேள்வி, உங்களையே ஏதாவது செய்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதா என்பது. அதைக் கேட்டபோது மகளின் பதில் வருவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. "இல்லை" என்றாள்.

பிரசவமான முதல் இரண்டு வாரம் அழுகை, எரிச்சல் எல்லாம் பலருக்கு வந்து தானாகவே போகும். அதற்கு மேலும் நீடித்தால், குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வராவிட்டால், அது வியாதி. வைத்தியம் உண்டு. பேசிச் சரி செய்வார்கள். தேவையானால் பாலூட்டும்போதே சாப்பிடக்கூடிய மாத்திரைகளும் இருக்கின்றன. என் மகளுக்கு மாத்திரை இல்லாமல், வாரம் ஒரு நாள் பேச்சோடு முதலில் பார்ப்போம் என்றார்.

வீட்டில் செய்ய வேண்டியது என்று எங்களுக்கு ஒன்று சொன்னார். ராத்திரியில் தொடர்ந்து நாலு மணி நேரமாவது அவள் தூங்க வேண்டும். இப்போது பத்து மணிப் பால் ஆனதும் குழந்தை என் அறைக்கு வந்துவிடுவாள். அடுத்த பாலுக்கு அழும்போதுதான் கொண்டுபோய்க் கொடுப்பேன். மூச்சு வருகிறதா என்று பார்க்கும் வேலை என்னுடையது. "பாத்துட்டேன் கண்ணு, நல்லா தூங்கறா" என்று நான் சொன்னால் நம்பிக்கொண்டு திரும்பிப் படுக்கிறாள். பத்து வாரமாகிறது. பயம் அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். குறைந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏரி வரை நடந்து போய் வந்தாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை பெற்றவள் இருந்தால், பத்தியக் குழம்பு வைக்கும்போதே அவள் தூங்கினாளா என்றும் கேளுங்கள். அவள் பயம் என்று சொன்னால், எல்லாருக்கும் இப்படித்தான் என்று வாயை அடைக்காதீர்கள். நான் அப்படி அடைத்ததால்தான் அவள் டப்பாவைத் தேடிப் போனாள். டாக்டரிடம் போக உடனே வழியில்லை என்றால் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம். டெலி மானஸ் என்று 2022-ல் மத்திய அரசு ஆரம்பித்தது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள்.

மருந்து என்று யார் எதைக் கொடுத்தாலும், எந்த ஊரில் விற்றாலும், இந்த நாலைக் கேட்டுவிட்டு வாயில் போடுங்கள்: இதில் என்ன இருக்கிறது? எனக்கு எவ்வளவு? நான் சாப்பிடும் மற்ற மாத்திரையோடு சேருமா? என் பால் குடிக்கும் குழந்தைக்கு ஆகுமா? பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் டாக்டர். சிநேகிதியும் இல்லை, டப்பாவின் மேலிருக்கும் பேரும் இல்லை.

குழந்தை அழுகிறாள், என் முறை. அடுத்த இதழில் ஊறுகாய்க் கணக்கோடு வருகிறேன்.